தொட்டால் திறக்காத பட்டியல்

மோகனப்பிரியா கைபேசிச் செயலிகள் எழுதத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தினமும் ரயிலேறி, நகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வேலைக்கு வருகிறாள். அந்த வாரம் அவள் உயிரை வாங்கியவர், சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் மாடியில் ரவிக்கை தைக்கும் பஞ்சவர்ணம்.

தையல்கடைகளுக்காக அவள் நிறுவனம் எழுதிய செயலியில், வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் அளவுக் குறிப்பு திறக்க வேண்டும். திறக்கவில்லை என்று மூன்று நாளாகப் போன் வந்துகொண்டே இருந்தது. மோகனப்பிரியாவின் போனிலோ ஒழுங்காகத் திறந்தது.

"அக்கா, கையில சாக் தூள் இருக்கும். துடைச்சிட்டுத் தொடுங்க."

"துடைச்சாச்சு லா! கஸ்டமர் எதிர்ல நிக்கிறாங்க, நான் போனைக் குத்திட்டு நிக்கிறேன்."

அலுவலகத்தில் செயலியைச் சோதித்துப் பார்க்கும் அர்ஃபானிடம், "என்னத்த டெஸ்ட் பண்ணின?" என்று எரிந்து விழுந்தாள்.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேக்காவுக்கே போனாள். பஞ்சவர்ணத்தின் போனில் அவள் விரலுக்கும் பட்டியல் அசையவில்லை. வழக்கம்போல் செயலியிலிருந்து வெளியேறி, மறுபடி பாஸ்வேர்ட் போட்டு நுழைந்தாள். திறந்தது!

"பாத்தீங்களா, நல்லாத்தானே இருக்கு?"

பஞ்சவர்ணம் செயலியை மூடித் திறந்து தொட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை. "நான் எப்பம்மா வெளியேறினேன்? அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும்."

மோகனப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. தையல் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு மடிக்கணினியைத் திறந்தாள். விரல் பட்டதைப் பட்டியல் தானாகக் கவனித்துக்கொள்ளாது. 'தொட்டால் இவரிடம் சொல்' என்று ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் டெலிகேட் என்பது அதைத்தான். பாஸ்வேர்ட் போட்டு வரும் வழியில் அந்த நியமன வரி இருந்தது. பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே உள்ளே வரும் வழியில் இல்லை. அங்கே பட்டியல் யாரிடம் சொல்லும்? சோதிக்கும்போதெல்லாம் அவளும் அர்ஃபானும் புதிதாக நுழைந்தார்கள். நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர் ஒருநாளும் வெளியேறவில்லை.

அந்தப் பகுதியை எழுதியது யார் என்று பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது.

"என் தப்புதான் அக்கா. உங்க கை மேல பழி போட்டுட்டேன்."

"சரி விடு. சாப்பிட்டியா?"

அந்த வரியை இரண்டு வழிக்கும் பொதுவான இடத்துக்கு மாற்றினாள். அலுவலகம் திரும்பியதும் அர்ஃபானிடம் மன்னிப்புக் கேட்டாள். "ஒரு வரிக்கா நாலு நாள்?" என்றார் மேலாளர் அஹ்சன்.

மறுநாள் காலை புதிய பதிப்பு போய்ச் சேர்ந்ததும் பஞ்சவர்ணத்தின் போன் வந்தது.

"தொட்டதும் திறக்குதும்மா."

"அப்பாடா!"

"ஆனா எழுத்து ஏன் இவ்ளோ பொடியா இருக்கு?"