ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்ன டீச்சர்

மைக் செட் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் ‘ஏத்து’. கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லி இதைச் சொல்வார்கள். மிக்ஸரைக் கண்டால் எல்லோரும் இன்ஜினியர்தான். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக, அந்தச் சொல்லால் நான் திண்டாடிய ஒரு கச்சேரியைச் சொல்கிறேன்.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். தூண்கள் சூழ்ந்த முற்றமான முன்கட்டு வளவில் கச்சேரி, இரண்டாம் கட்டில் பந்தி. பாட வந்தவர் ஜெயராணி டீச்சர், சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மைக் டெஸ்ட் பண்ணும்போதே ‘சரியா இருக்காண்ணே’ என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

“இத்தன வருசமா ப்ரேயருக்கும் ஆண்டு விழாவுக்கும்தான் பாடிருக்கேண்ணே. முழுக் கச்சேரி இதான் மொதத் தடவ. நல்லா அமைஞ்சா நவராத்திரிக்கும் கூப்புடுறேன்னு இந்த வீட்டு ஆச்சி சொல்லிருக்காக” என்றார்.

“நீக தைரியமாப் பாடுங்க டீச்சர். மத்தத நான் பாத்துக்கறேன்” என்று நானும் வீரமாகச் சொல்லிவைத்தேன்.

வர்ணம் முடிவதற்குள் பந்தி தொடங்கிவிட்டது. வளவிலும் சொந்தபந்தம் நிறைந்துவிட்டது. சிங்கப்பூர் மகன், பெங்களூர் மருமகள் என்று ஒரே பேச்சு. வீட்டுக்காரரின் தம்பி என்னிடம் ஓடிவந்தார்.

“என்னப்பா, பாட்டே கேக்கலயே! ஏத்து!”

ஏற்றினேன். பேசுகிறவர்கள் அதற்கு மேல் குரலை ஏற்றினார்கள். மறுபடி ஏற்றினேன். பாடுகிறவருக்கு எதிரே வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கர் கூவியது. டீச்சருக்குத் தன் குரலே காதில் விழவில்லை, கத்த ஆரம்பித்தார். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது.

அந்தப் பாட்டை எப்படியோ ஒப்பேற்றி, ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, ஸ்பீக்கர ஆஃப் பண்ணிருங்க.”

“என்ன டீச்சர் சொல்றீக? இருக்கும்போதே ஒருத்தருக்கும் கேக்கல!”

“எனக்கே கேக்கலண்ணே. ஆஃப் பண்ணுங்க.”

மிக்ஸரில் மாஸ்டரை முழுசாக இறக்கினேன். சட்டென்று ஸ்பீக்கர் நின்றதும் கூட்டம் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. “கரண்டு போயிருச்சா?” என்றார் ஒருவர். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதிக்குள் டீச்சர் கீழ் ஸ்தாயியில் கரகரப்ரியாவை மெல்ல எடுத்தார்.

அடடா! அந்த உயரமான வளவில், கல் தூண்களுக்கு நடுவே, என்னமாய் நிறைந்தது அந்தக் குரல்! வயலின்காரர் வில்லைப் பட்டும் படாமலும் ஓட்டினார். பாட்டு தொடங்கியதும் மிருதங்கம் விரல் நுனியில் பேசியது. பந்தியில் சாம்பார் வாளிகூடச் சத்தமில்லாமல் நகர்ந்தது. ‘ஏத்து’ என்று வந்தவரே, போனில் பேசிய மச்சானை “அங்குட்டுப் போய்ப் பேசுங்க!” என்று விரட்டினார். நான் மிக்ஸரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பயந்து பயந்து வந்தவருக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ!

மங்களம் முடிந்ததும் ஆச்சி வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். “நவராத்திரிக்கும் நீகதான் பாடணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “செட்டு வேணாம்ப்பா.”

தம்பிகளே, யாராவது ‘ஏத்து’ என்றால் முதலில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஒரு வேலை கைவிட்டுப் போனாலும் போகும், பரவாயில்லை. நவராத்திரிக்கு நான் செட்டு இல்லாமல், சும்மா கேட்கத்தான் போனேன். மானிட்டர் கூவுகிறதா, வயர் கழன்றதா என்று காதைத் தீட்டிக்கொண்டு எத்தனையோ கச்சேரிகளில் நின்றிருக்கிறேன். ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.