ரத்தோட்டை மலையில் உப்புத் தண்ணீர்

இந்திரகுமார் கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். ஒன்று, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் திருகோணமலையில். மற்றது, மனைவி சந்திரகாந்தாவை மஸ்கட்டுக்கு வழியனுப்ப கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போன அன்று, வாடகை வான் சாரதி தேநீர் குடிக்க நீர்கொழும்பில் நிறுத்தியபோது.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வயது நாற்பத்து நான்கு. தொழிற்சாலைக்குப் பின்புறம் இரண்டு அறைக் குவாட்டர்ஸ். மகள் தினுஷா கண்டியில் விடுதியில் தங்கித் தாதிப் பயிற்சி படிக்கிறாள். அந்தப் படிப்புக்காகத்தான் சந்திரகாந்தா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

தினமும் மாலை ஐந்தரைக்கு அவள் போன் எடுப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"சாப்பிட்டேன். அங்க மழையா?"

"பனிதான்."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. வைக்கவும் மனம் வராது. அந்த அரபு வீட்டுத் தொலைக்காட்சி பேசுவதைக் கேட்டுக்கொண்டு இவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் போனது.

ஒரு நாள் அவள் மீன்களைப் பற்றிச் சொன்னாள். அந்த வீட்டுக் கிழவி அம்மாவின் கூடத்தில் சுவரளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல் தண்ணீர். வாரத்துக்கு ஒரு முறை சுதாகரன் என்ற மலையாளத்துக்காரர் வந்து சுத்தம் செய்வார். மற்ற நாட்களில் தீனி போடுவது அவள் பொறுப்பு. "ஆரஞ்சுல வெள்ளப் பட்டி போட்ட மீன் ஒண்ணு இருக்குங்க. நான் போனா கண்ணாடிகிட்ட ஓடி வருது. மத்தவங்க போனா வராது." இருபது நிமிஷம் பேசினாள். அந்தக் குரலை அவன் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாத்தளைக்குப் போனான். அங்கே பவாஸ் நானாவின் மீன் கடையில் விசாரித்தான்.

"ஒங்கட மலைக் குளிருக்கு இது சரிவார சாமான் இல்ல தம்பி," என்றார் பவாஸ். "நல்ல தண்ணி மீன் கொண்டு போங்களேன்."

இந்திரகுமார் கேட்கவில்லை. இரண்டடித் தொட்டி, மணல், வடிகட்டி, கரைப்பதற்கு உப்புப் பக்கெட், உப்பை அளக்கும் மிதவை எல்லாம் வாங்கினான். ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு வைக்கும்படி பவாஸ் மூன்று தடவை சொன்னார். வெறும் தண்ணீரை அவளுக்கு எப்படிக் காட்டுவது என்று அவன் நினைத்தான். பட்டி போட்ட மீன் இரண்டைப் பிடித்துக் கொடுக்கும்வரை கடையை விட்டு நகரவில்லை.

அன்று மாலை வீடியோவில் தொட்டியைக் காட்டினான். சந்திரகாந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கிறுக்கு புடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

ஆறாம் நாள் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏழாம் நாள் இரண்டுமே செத்துக் கிடந்தன. மூன்று நாள் அதைச் சொல்லாமல் சமாளித்தான். நான்காம் நாள் அவள் பார்க்க வேண்டும் என்றபோது சொல்லிவிட்டான்.

அவள் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அந்த வாரம் சுத்தம் செய்ய வந்த சுதாகரனிடம் கேட்டுவைத்துச் சொன்னாள்.

"தண்ணி இன்னும் பழுக்கலையாம்ங்க. மீன் கழிவுல வர்ற நஞ்சைத் திங்கிற கிருமி ஒண்ணு இருக்காம். அது மொதல்ல அந்தத் தண்ணில வளரணுமாம். ஒரு துண்டு இறாலப் போட்டு அழுக விடுங்க. அந்த நஞ்சு அளக்கிற சொட்டு மருந்து கடையில இருக்கும், வாங்குங்க."

ரத்தோட்டைச் சந்தையில் இறால் வாங்கிப் போட்டான். அறை நாறியது. ஒவ்வொரு நாளும் சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்துச் சொல்வான். பச்சை என்றால் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. கடும் பச்சை, பச்சை, இளம் பச்சை என்று வாரங்கள் போயின. அவள் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு "இன்னைக்கி என்ன கலர்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். ஏழாவது வாரம் மஞ்சள் வந்தது.

இந்த முறை ஒரே ஒரு மீனும், சிவப்புக் கோடு போட்ட ஓர் இறாலும் வாங்கி வந்தான். மீன் தீனி தொடாமல் அடியிலேயே கிடந்தது. அவள் தண்ணீரின் சூட்டைக் கேட்டாள். அப்போதுதான் அளந்து பார்த்தான்: பத்தொன்பது டிகிரி. பகல் முழுவதும் டிரையரின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, தொட்டிக்குள் அதுவரை ஒன்று வைக்கத் தோன்றவே இல்லை. மஸ்கட் வீட்டில் தண்ணீரைக் குளிரவைக்க மெஷின் ஓடியது. இங்கே சூடாக்கும் குழாய் தேவைப்பட்டது. மாட்டிய மறுநாள் மீன் எழுந்து வந்து தின்றது.

பிறகு இறால் செத்தது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அவன் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறான்.

"ஏங்க, கொழம்பு கொதிச்சி வத்துனா என்னாகும்?" என்று கேட்டாள்.

"உப்புக் கரிக்கும்."

"அப்பறம் அதுல உப்புத் தண்ணி ஊத்துவாங்களா?"

அவள் சிரிப்பது கேட்டது. அன்றிலிருந்து குறைந்த தண்ணீருக்குப் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்றினான். டிசம்பரில் காற்று அடித்துக் கரண்ட் போனபோது, வெந்நீர் நிரப்பிய போத்தல்களைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, சுற்றிலும் கம்பளி போர்த்தி, கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் லீவில் இருந்தான். மீன் பிழைத்தது.

ஜனவரியில் கிழவி அம்மா இறந்துபோனார். பிள்ளைகள் வீட்டைப் பூட்டினார்கள், தொட்டியை விற்றார்கள். ஏஜென்சி சந்திரகாந்தாவை சோஹார் என்ற ஊரில் வேறொரு வீட்டுக்கு மாற்றியது. நான்கு பிள்ளைகள் உள்ள வீடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் போனில் பேசலாம்.

இந்திரகுமாரின் தொட்டிக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது அதனால்தான்.

"மீன் எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

ஐந்து வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. ஆறாவது வெள்ளிக்கிழமை அவன், "மீன் தீனி எடுக்க மாட்டேங்குது, வயிறும் உள்ள போன மாதிரி இருக்கு," என்றான். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. மீன் அவன் முன்னால் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

சந்திரகாந்தாவின் குரல் உடனே மாறியது. எத்தனை நாளாக, கழிவு வெள்ளையாகப் போகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டாக்கினான். அன்று நன்றாகத் தூங்கினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இவன் எடுத்தால் போன் அணைந்திருந்தது. ஏஜென்சியில் கேட்டதற்கு, ஏதாவது பிரச்சினை என்றால் அந்த வீட்டுக்காரர்களே அறிவிப்பார்கள் என்றார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை டிரையரில் கைமறதியாக இருந்து ஒரு தட்டுத் தேயிலையைக் கருக விட்டான். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் திட்டினார்.

நான்காவது வெள்ளிக்கிழமை அவள் எடுத்தாள்.

"மீன் இருக்கா?" அதைத்தான் முதலில் கேட்டாள்.

"இருக்கு. நீ எங்க போன?"

"சுதாகரன் அண்ணனுக்கு போன் எடுத்தேன், ஒங்க மீனுக்கு என்ன மருந்துன்னு கேக்க. நடு வாரத்துல ஒளிச்சித்தான் எடுத்தேன். மேடம் கண்டுட்டாங்க. எந்த ஆம்பளைகிட்ட பேசுறன்னு கேட்டாங்க. மீனுக்குன்னு சொன்னா யாரு நம்புவா? போனப் புடுங்கி வெச்சிட்டாங்க. இன்னைக்கித்தான் திருப்பிக் குடுத்தாங்க."

இந்திரகுமார் உண்மையைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். மருந்து போட்டேன், சுகமாகிவிட்டது என்றால் அவள் நம்பியிருப்பாள்.

"சந்திரா, மீனுக்கு ஒண்ணும் வரல. நான் பொய் சொன்னேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான்.

"எதுக்கு?" என்றாள்.

"நீ பேசுவன்னு."

"எனக்கும் அங்க வந்து ஒக்காந்து பேசணும்னுதான் இருக்கு," என்றாள் மெதுவாக. "இனிமே அப்பிடிச் சொல்லாதீங்க. இங்க நான் தனியா நின்னு பதில் சொல்லணும்."

அவன் சரி என்றான். அவள் வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது. தினுஷாவுக்குப் படிப்பில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. சந்திரகாந்தா இரண்டு வருஷத்துக்கு மறுபடி கையெழுத்து வைத்தாள். முன்பே அவள் கேட்டபோது இந்திரகுமார், "ஒன் இஷ்டம்," என்றான். சித்திரைப் புதுவருஷத்துக்கு மகள் வந்தாள்; தொட்டியைப் படம் எடுத்தாள்; மூன்றாம் நாள் கண்டிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"அது யாரு?" என்று கேட்டான்.

"கடைசிப் புள்ள. ரெண்டு வயசு. எம் மடியிலதான் தூங்குவான். என்னைய 'சந்தா'ன்னு கூப்பிடுவான்."

நான்கு மாதமாக அவள் அந்த வீட்டில் இருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக்கூட அவன் விசாரித்ததில்லை.

"என்னா சாப்பிடுவான்?" என்றான்.

"சோறுதான். நான் பெசஞ்சி ஊட்டுனா மட்டும். அவங்க அம்மா குடுத்தா துப்பிடுவான்." அவள் குழந்தையிடம் அரபியில் ஏதோ சொன்னாள். அழுகை நின்றது. "பெரியவனுக்குப் பத்து வயசு. அவன் வேற மாதிரி."

"எப்பிடி?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக் கேட்டான்.