உப்புக் குவியல் முன்னால் ஒரு பாட்டு

ஒரு மைல் நடந்த பிறகுதான் அந்தத் தொப்பி இன்னும் என் தலையில் இருப்பது தெரிந்தது. அட்டையில் செய்து கறுப்புத் துணி ஒட்டிய கௌபாய் தொப்பி. டென்ட் சினிமாக் கொட்டகைக்காரருடைய சொத்து. இடுப்புவாரையும் தகரத் துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டவர் இதை மறந்துவிட்டார். திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மரக்காணத்தைப் பின்னால் விட்டுப் புதுச்சேரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. குதிரைமேல் பாடுகிற கதாநாயகன், அவனுக்கு ஒரு காதலி, ஊரைக் கொள்ளையடிக்கும் ஒரு கும்பல் என்று அப்போது தமிழிலேயே படங்கள் வந்துகொண்டிருந்தன. அப்படி ஒன்று கொட்டகைக்கு வந்தது. மாட்டுவண்டியில் மைக் கட்டி நோட்டீஸ் வீசினால் மட்டும் போதாது என்று கொட்டகைக்காரர் ஜட்கா இழுத்து ஓய்ந்த ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி வந்தார். வேலை தேடி வந்திருந்த எனக்குக் கொஞ்சம் குரல் இருந்தது. கௌபாய் வேஷத்தில் ஊர் ஊராகப் போய்ப் படத்தின் பாட்டைப் பாட வேண்டும். இரண்டு நாளில் குதிரை பழகிவிட்டது. நான் பாடினால் நிற்கும். நிறுத்தினால் நடக்கும். பாட்டுக்காக நிற்கும்போதுதான் வாய்க்கு எட்டியதை மேயும்.

உப்பளத்துப் பெண்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். அந்த நேரம் பார்த்துப் போய்ப் பாடினேன்.

"குதிரை நல்லாத்தான் இருக்குது. பாட்டுதான் நொண்டுது" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளும் அங்கேதான் போனேன். மூன்றாம் நாளும். அன்றைக்கு அவள் பாட்டு முடிகிறவரை கஞ்சியைத் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் பாடின சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

வந்த வினை அதுதான். வாரிய உப்பைக் குவித்து, குவியலின் சரிவில் மரப்பலகையால் முத்திரை அழுத்தி வைப்பது அங்கே வழக்கம். யாராவது ஒரு கூடை அள்ளினாலும் எழுத்து குலைந்து திருட்டு தெரிந்துவிடும். மறுநாள் காலை, அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி கொட்டகைக்கு வந்தாள். ஒரு குவியலில் முத்திரை குலைந்திருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான் என்று மேஸ்திரி அவளைத் திருடி என்றுவிட்டார். அந்தப் பெயர் விழுந்தால் அந்தக் கரையில் எந்த உப்பளத்திலும் அவளை இறக்க மாட்டார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா.

"உன் பாட்டைக் கேக்க உக்காந்ததுக்குத்தான் அவளுக்கு இந்தக் கெதி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

எனக்கு உடனே விளங்கியது. நான் குதிரையை நிறுத்திப் பாடிய இடமும் அந்தக் குவியலை ஒட்டித்தான். முந்தின நாள் கொட்டகைக்குத் திரும்பியதும் குதிரை மூன்று வாளித் தண்ணீர் குடித்திருந்தது. கொட்டகைக்காரரிடம் சொன்னேன். வாயைத் திறக்காதே என்றார். கொட்டகை நின்ற நிலம் அந்த உப்பள முதலாளியுடையது. இன்றைக்குக் குதிரை வெளியே போகக் கூடாது என்று அவரே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். அவர் டீ குடிக்கப் போனதும் நான் முடிச்சை அவிழ்த்தேன்.

அவள் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்தபடி குவியலுக்கு எதிரே நின்றிருந்தாள். போகச் சொல்லி மேஸ்திரி அலுத்துப் போயிருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"குதிரை தின்னுச்சாம். நாளைக்குக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு வந்து சொல்லு" என்றார்.

முந்தின நாள் நின்ற இடத்திலேயே குதிரையை நிறுத்தினேன். குவியலில் புது முத்திரை அழுத்தியிருந்தார்கள். பாத்திகளில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டு வரப்பேறி வந்தார்கள். குதிரை சாலையைப் பார்த்தது. வாலை ஆட்டியது. குவியல் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவள்தான் சொன்னாள்: "பாடு. நேத்து பாடிக்கிட்டுதானே இருந்தே."

பாடினேன். நொண்டிப் பாட்டுதான் வந்தது. இரண்டாம் அடியில் குதிரை கழுத்தைத் தாழ்த்தி முத்திரைமேல் நாக்கை வைத்தது. ஓர் எழுத்து போயிற்று. அடுத்தது போயிற்று. மேஸ்திரி போதும் போதும் என்று கையை ஆட்டினார். முத்திரை முழுக்க அழிகிறவரை நான் நிறுத்தவில்லை.

போய் வேலையைப் பார் என்றார் அவளிடம். அவள் நகரவில்லை.

"இத்தனை பேர் முன்னால திருடின்னு சொன்னீங்க. இத்தனை பேர் முன்னால இல்லைன்னு சொல்லுங்க, மேஸ்திரி."

அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டு, "நீ எடுக்கலம்மா" என்றார். அவள் பலகையை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

படத்தில் குதிரை திருடியவனைத் தூக்கில் போடுவார்கள். கொட்டகைக்காரர் என்னிடம் இடுப்புவாரையும் துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டுத் துரத்தியதோடு சரி.

நான் நடந்த சாலையோர மதகில் அவள் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கே போகிறேன் என்று கேட்டாள். புதுச்சேரிக்கு என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப அது எங்கேயும் ஓடிடாது. வாய்க்காலுக்கு அந்தாண்ட உப்பளத்துல ஆள் தேடறாங்க. நான் நாளைக்கு அங்கதான் இறங்கப் போறேன்."

மறுநாள் விடியற்காலையில் அங்கே போய் நின்றேன். அங்கிருந்த மேஸ்திரி என்ன வேலை தெரியும் என்று கேட்டார். குதிரை ஏறுவேன், பாடுவேன் என்றேன். இரண்டும் இங்கே வேண்டாம் என்று ஒரு பலகையைக் கொடுத்தார். பாத்தியில் இறங்கினேன். நடந்து வெடித்திருந்த காலில் உப்புத் தண்ணீர் சுரீரென்று ஏறியது. பக்கத்துப் பாத்தியில் அவள் வாரிக்கொண்டிருந்தாள். நன்றாக விடிந்தபோது வாய்க்காலின் எதிர்க்கரையில் பழைய மேஸ்திரி வந்து நின்று எங்களைப் பார்த்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் கேட்கும்படி பாடிக்கொண்டே உப்பை வாரினேன்.