தானாகக் கழிந்த அரை மணித்தியாலம்

சாதகக் குறிப்பு, கிரகம், செவ்வாய் ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். எங்களுக்குக் கலியாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பேர் வாசிப்பார்கள், மறுப்பு உள்ளவர் எழும்பிச் சொல்லலாம், அதோடு சரி. ஆனால் உடுப்பிட்டியில் என் தையல் கடையும் மீனாம்பிகை அக்காவின் கொமினிக்கேசன் கடையும் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒரு பலகைத் தட்டியோடு இருக்கின்றன. அந்தப் பக்கம் யாருக்கு எந்த வீட்டில் சனி என்பது இந்தப் பக்கம் மெசின் மிதிக்கிற எனக்கும் தெரிந்துவிடும்.

அக்கா போட்டோக் கொப்பி எடுப்பார், பாஸ்போட் அலுவல் பார்ப்பார். ஆனால் சனம் அவரைத் தேடி வருவது குறிப்புக்குத்தான். பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் கொடுத்தால் கொம்பியூட்டர் கணிக்கும், அக்கா அச்சடித்து உறை போட்டுத் தருவார். கைராசியானவர் என்று பேர். பேச்சு மட்டும் பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

"எந்த வருசம்? எங்கை பிறந்தது? ஊரிலையோ, வன்னியிலையோ?"

"ஏன், அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"குறிப்பு வேணுமெண்டால் சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் வாசல் அங்காலை."

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளிவிட்டது. கொஞ்ச மாதத்தில் அது அரை மணித்தியாலம் என்று நிலைத்து, பத்து வருடம் அப்படியே கிடந்தது. அரசாங்கத்தின் கையில் இருந்த யாழ்ப்பாணம் புது நேரத்துக்கு மாறியது. புலிகள் இயக்கத்தின் கையில் இருந்த வன்னி மாறவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைமணிக்கூட்டைத் திருப்ப வேண்டும், அப்படி ஒரு கூத்து. அக்காவின் பழைய குறிப்பு மென்பொருளுக்கு இந்த நேரமாற்றம் எதுவும் தெரியாது. அதனால் அந்த வருடங்களில் ஊரில் பிறந்தவருக்கு அக்கா அரை மணித்தியாலம் கழித்து நேரத்தைப் போடுவார். வன்னியில் பிறந்தவருக்குச் சொன்ன நேரத்தையே போடுவார். வருடக்கணக்காகக் கை அப்படியே பழகிவிட்டது.

போன ஐப்பசியில் கொம்பியூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. அரசாங்க இணையத்தளங்கள் திறக்கவில்லை, பிரிண்டர் ஒருநாள் அடித்தால் மறுநாள் அடிக்காது. நெல்லியடியிலிருந்து ஜெயசுதன் வந்தான். கொம்பியூட்டர் திருத்துகிறவன், கெட்டிக்காரன், ஆனால் நிற்க நேரமில்லாதவன். பழைய விண்டோஸை அழித்துப் புதியதைப் போட்டான். எல்லாம் பளிச்சென்று திறந்தன, குறிப்பு மென்பொருளைத் தவிர. அதை அமத்தினால் இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"அது காலம் போனது அக்கா. நான் புதிசு ஒண்டு போட்டு விடுறன். இது எல்லாம் தானாச் செய்யும்," என்றான் அவன். போட்டுவிட்டுப் போயும் விட்டான்.

இரண்டு மூன்று கிழமை ஒரு கரைச்சலும் இல்லை. வந்ததெல்லாம் கைக்குழந்தைகளின் குறிப்பு.

பிறகு செல்வத்துரை அண்ணை வந்தார். தோட்டம் செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய மகள் நிவேதனாவுக்கும் கதிரவேலர் வீட்டு மயூரதனுக்கும் கலியாணம் முற்றாகி, திங்கட்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு என்று நாள் வைத்திருந்தார்கள். நிவேதனாவின் கூறைச் சேலைக்கான சட்டைத் துணி என் மேசையில் வெட்டிக் கிடந்தது. போன வருடம் பொருத்தம் பார்த்ததும் அக்காவின் கடைக் குறிப்பை வைத்துத்தான். ஐயர் ஒரு பிரதி கேட்டார், பழையது மழையில் நனைந்துவிட்டது, புதிதாக ஒன்று அடித்துத் தாருங்கள் என்றார் அண்ணை. அக்கா திகதி, நேரம், இடம் கேட்டார், அவர் சொன்னார்: தொண்ணூற்றேழு ஆனி, விடியப்புறம், அக்கராயன் ஆசுப்பத்திரி. வன்னி என்றபடியால் அக்கா நேரத்தை அப்படியே போட்டு அடித்துக் கொடுத்தார். உறைக்குள் போடும்போது வாசித்துப் பார்க்கவில்லை. ஒருக்கால் கணித்த குறிப்புத்தானே.

மறுநாள் மத்தியானம் கதிரவேலர் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். பொருத்தத்துக்கு அவருக்குக் கொடுத்த பழைய பிரதி, ஐயர் கைக்குப் போன புதியது, இரண்டையும் அக்காவின் மேசையில் அடித்து வைத்தார்.

"போன வருசம் மேஷ லக்கினம், ஆறிலை செவ்வாய். இப்ப மீன லக்கினம், ஏழிலை செவ்வாய். ரெண்டும் உம்மடை கடையிலை அடிச்சது. செவ்வாயை ஒளிச்சு என்ரை பிள்ளைக்குக் கட்டிவைக்கப் பாத்தனீங்களோ?"

எங்கள் ஊரில் ஏழில் செவ்வாய் என்றால் என்னவென்று கிறிஸ்தவளான எனக்கே தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு ஒருவரும் பெண்ணின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

"அண்ணை, நான் ஒளிக்கேல்லை..." என்றார் அக்கா. அவருடைய குரல் அப்படி உள்ளே போனதை நான் கேட்டதே இல்லை.

"நெல்லியடியிலையும் பாத்திட்டுத்தான் வாறன். அங்கையும் ஏழிலைதான். அப்ப போன வருசக் குறிப்புத்தான் பொய். செல்வத்துரை சொல்லித்தானே மாத்தினனீர்? பொழுதுபடுறதுக்குள்ளை எனக்கு மறுமொழி வேணும். இல்லாட்டில் மண்டபத்தையும் வேண்டாமெண்டு சொல்லி, ஊருக்கும் சொல்லிப்போடுவன்."

அவர் போனதும் நான் மெசினை விட்டு அங்காலே ஓடினேன். அக்கா பழைய மென்பொருளின் இறுவட்டைத் தேடி எடுத்துப் போட்டார். ஓடாது என்றது. பழைய விண்டோஸ் மாதிரி நடித்து ஓட்டுகிற வழி ஒன்று இருக்கிறதாம், அதையும் செய்தார். திரை ஒருக்கால் கறுத்து, பழையபடி அதே பெட்டி. ஜெயசுதனுக்குப் போன் அடித்தார். "அக்கா, அது இனி எந்தக் கொம்பியூட்டரிலையும் ஏறாது. உங்கடை பழைய பதிவெல்லாம் அழிச்சுத்தானே புதிசு போட்டது," என்றான் அவன். பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அதற்குள் நிவேதனா வந்துவிட்டாள். சட்டை போட்டுப் பார்க்க வரச்சொல்லியிருந்தேன். விசயம் அவளுக்கு எட்டியிருந்தது. "அப்பா சாப்பிடாமல் படுத்திட்டார் அக்கா. தன்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டினமாம்," என்றாள். மயூரதன் போனை எடுக்கவில்லையாம். அழவும் இல்லை, அரைவாசி தைத்த சட்டையைத் தடவிக்கொண்டு நின்றாள். எனக்குக் கதிரவேலரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

மீனாம்பிகை அக்கா மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தார். "போன வருசம் நான்தான் பிழை விட்டனோ," என்று இரண்டுதரம் தனக்குள்ளே கேட்டார். தன்னுடைய குறிப்பைப் போட்டார், சரியாக வந்தது. என்னுடைய பிறந்த நேரத்தைக் கேட்டார். "எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது," என்றேன். அந்த நேரத்திலும் ஒரு முறைப்பு முறைத்தார்.

பிறகு விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்தார். கையைச் சேலையில் துடைத்தார். ஒரு கடதாசியையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், ஒரு திகதியும் நேரமும் அடித்தார். தொண்ணூற்றெட்டு. இடம் அதே அக்கராயன்.

குறிப்பு திரையில் வந்தது. அக்கா எழும்பி நின்றுவிட்டார்.

"கடகம் எண்டு காட்டுது ரஞ்சினி. இது சிம்மம்."

"யாற்றை குறிப்பு?"

அக்கா நேரத்தில் அரை மணித்தியாலம் கூட்டி அடித்தார். சிம்மம் வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தானாக் கழிக்குது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, இலங்கை எண்டு கண்ட உடனை, நான் சொல்லாமலே அரை மணித்தியாலத்தைக் கழிக்குது. வன்னி எண்டு ஒண்டு இருந்தது அதுக்குத் தெரியாது. நெல்லியடிக்காரனும் புதிசுதான் வைச்சிருக்கிறான், அதுவும் இப்பிடித்தான் கழிச்சிருக்கும்."

நிவேதனாவின் நேரத்திலும் அரை மணித்தியாலம் கூட்டினார். மேஷ லக்கினம், ஆறில் செவ்வாய். நிவேதனா கதிரையில் இருந்துவிட்டாள். அக்கா அவளுடைய குறிப்பையும் மற்றதையும் அச்சடித்து எடுத்தார். மற்றதை இரண்டு விதமாகவும் அடித்தார், கடகமாக ஒன்று, சிம்மமாக ஒன்று.

"வாரும், நீரும் வாரும். தனியப் போனால் நான் கதைக்கமாட்டன்," என்றார் என்னிடம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஓட்டோவில் வழிநெடுக அக்கா தாள்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே வந்தார்.

கதிரவேலர் முன் விறாந்தையில் போனும் கையுமாக இருந்தார். மனைவி பொன்மலர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். இருக்கச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: பழைய மென்பொருள், புதியது, அரை மணித்தியாலம். கதிரவேலர் கேட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூட்டை மாற்றிய கதை அவருக்கும் நினைவிருந்தது. ஆனாலும் முகம் இளகவில்லை.

"ரெண்டு கடைக் கொம்பியூட்டரும் பிழை, நீர் ஒராள்தான் சரி. ம்? நாளைக்கு ஏதும் நடந்தால் ஆரைக் கேக்கிறது? போன கிழமையெல்லாம் உந்தப் புதிசாலைதானே ஊருக்கு அடிச்சுக் குடுத்தனீர்?"

"ஓம். பிழையா அடிச்சது இருந்தால் வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்குவன்."

"இதைக் கேட்டால் பிறகு உம்மடை கடைக்கு ஆர் வருவினம்?"

"வராட்டில் வரவேண்டாம். அந்தப் பிள்ளையின்ரை தேப்பனைக் கள்ளன் எண்டு சொல்லாதேங்கோ."

சொல்லிவிட்டு, கையில் இருந்த மற்ற இரண்டு தாளையும் நீட்டினார். "இது இன்னொரு பிள்ளை. அதே ஆசுப்பத்திரி. நிவேதனாவுக்கு ஒரு வயது இளமை. பிறந்த நேரம் சுவர் மணிக்கூட்டிலை நானே பாத்தது. ஊர்ச் சாத்திரியார் அப்ப கையாலை கணிச்சது சிம்ம லக்கினம், எனக்குப் பாடம். புதுக் கொம்பியூட்டர் சும்மா போட்டால் கடகம் எண்டுது. அரை மணித்தியாலம் கூட்டினால்தான் சிம்மம் வருது. பாருங்கோ."

கதிரவேலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யாற்றை பிள்ளை?"

"என்ரை."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

கதிரவேலர் தாளைப் பார்த்தபடியே, எங்கள் ஊரில் யாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "பிள்ளை இப்ப எங்கை, வெளியிலையோ? கனடாவோ?"

"இல்லை. ரெண்டாயிரத்து ஒம்பதிலை, கடைசிச் சண்டைக்கை, மாத்தளனிலை. செல் விழுந்தது."

கதிரவேலருடைய விரல் சிம்ம லக்கினத் தாளின் அடிவரியில் நின்றது. அக்கா கொடுக்கிற எல்லாக் குறிப்பிலும் கடைசியில் ஆயுள் பாவம் என்று ஒன்று அச்சாகும். இதில் தீர்க்காயுள், எழுபத்தைந்துக்கு மேல் என்று இருந்தது. அவர் மெல்ல மற்றத் தாளை, கடகத்தை எடுத்து அதன் அடிவரியையும் பார்த்தார்.

"ரெண்டிலையும் அப்பிடித்தான் அண்ணை," என்றார் அக்கா. "நேரத்தைத் திருத்தினாலும் அது அப்பிடித்தான் வருது."

கதிரவேலர் கண்ணாடியைக் கழற்றினார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு போனை எடுத்துச் செல்வத்துரை அண்ணைக்கு அடித்தார்.

"செல்வத்துரை, நான் கதிரவேலு. திங்கக்கிழமை பொன்னுருக்கு. அதிலை மாற்றம் இல்லை. நான் கதைச்சது பிழை, நாளைக்கு வீட்டை வந்து சொல்லுறன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். வாசற்படலைக்குக் கிட்டப் போனபோது பொன்மலர் செருப்பும் போடாமல் பின்னால் வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"பிள்ளையின்ரை பேர் என்ன?"

அக்கா, "பிரகலாதன்," என்றார். அதோடு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் என்ன கேட்பான், எந்தக் காலில் தழும்பு, தகப்பனைப் போல் எப்படிச் சிரிப்பான் என்று சொல்லிக்கொண்டே போனார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். கொஞ்சம் நிற்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன்.