பனிக்கு மேலே ஒரு தண்ணி, கீழே ஒரு தண்ணி

டோரீன் சாலமன் என் அம்மாவின் தங்கை. வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடம் சுரங்க முகாமில் சமையற்காரி. இப்போது அந்தச் சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீரைச் சோதிக்க எங்கள் ஊர் மன்றம் அமர்த்தியிருக்கும் ஆள். "அப்ப அவனுங்க திங்கிறத பாத்துக்கிட்டேன், இப்ப அவனுங்க கழிக்கிறத பாத்துக்கறேன்" என்பாள்.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் யூக்கானில் பனி உருக ஆரம்பித்தால் மற்றவர்கள் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்வார்கள். சித்தி இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடையில் நிற்பாள். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் அவளுடைய பாட்டில் ஒன்றில் ஒருமுறை டீ ஊற்றி வைத்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ அதில் லேபிள் ஒட்டி, "இந்த ஓடைல சர்க்கரை ஜாஸ்தி, விசாரி" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். தண்டனையாக ஒரு வாரம் விறகு வெட்டினேன். அவளிடம் விளையாடுவதற்கு ஒரு தகுதி வேண்டும்.

இந்த மே மாதம் சுரங்கத்தின் கழிவுக்குட்டை விளிம்பு வரை நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதகைத் திறந்து ஓடையில் விட அனுமதி கேட்டார்கள். ஓடை சுத்தமாக இருந்தால்தான் அரசாங்க இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார். ஏற்கனவே கெட்டிருக்கும் ஓடையில் மேலும் கொட்டக் கூடாது என்பது விதி. அதே வாரம்தான் கிரேலிங் மீன்கள் முட்டையிடப் பனிக்கட்டிக்கு அடியில் மேலேறி வரும். அதனால் சித்திக்கு அந்த வாரம் தூக்கம் கிடையாது.

சுரங்கத்தின் தண்ணீர் சோதனைக்காரன் ட்ரெவர், தெற்கிலிருந்து வந்த நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாது, பனிக்கட்டியும் தெரியாது. ஓடைக்குப் போனான். பனிக்கட்டியின் மேல் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் சலசலவென்று ஓடியது. குச்சி முனையில் கட்டிய குவளையால் மொண்டு மீட்டரை விட்டான். கரைந்த உப்பையும் உலோகத்தையும் மோப்பம் பிடிக்கிற மீட்டர் அது. முப்பத்தெட்டு காட்டியது. பளிங்குத் தண்ணீர்! கண்ணெதிரே ஓடுகிற தண்ணீரை விட்டுவிட்டு எவன் பனிக்கட்டியை உடைப்பான்?

சித்தி உடைத்தாள். மேலே ஓடுவது நேற்று உருகிய பனி. அது மலையிலிருந்து நேராக வருவது, எதையும் தொடாதது. ஓடையின் சொந்தத் தண்ணீர் பனிக்கட்டிக்குக் கீழே போகிறது. சுரங்கத்தின் கழிவுப்பாறை மேட்டில் ஊறிக் கசிவதும் அங்கேதான் சேரும். கீழே மீட்டர் தொள்ளாயிரத்துப் பத்து காட்டியது.

இரண்டு தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து நகரத்து ஆய்வகத்துக்கு விமானத்தில் அனுப்பினாள். எங்கள் பழங்குடி மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். லேபிளில் அந்தப் பெயர்களையே எழுதினாள். வினை அங்கேதான் வந்தது.

புதன்கிழமை மன்ற அலுவலகத்து மார்வின் ரேடியோவில் கூப்பிட்டான். எங்கள் ஊரில் ரேடியோவில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும்.

"டோரீனக்கா, ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டும் செல்லாதாம்."

"ஏன்டா செல்லாது?"

"ஒரே இடம், ஒரே நேரம், ரெண்டு பேரு எடுத்துருக்காங்க, நம்பர் மட்டும் இருபது மடங்கு வித்தியாசம், அதனால பாட்டில் அழுக்குன்னு லேப்காரன் எழுதிருக்கான்."

"ரெண்டு பேரா? நான் ஒருத்திதானேடா போனேன்!"

"லேபிள்ல ரெண்டு பேர் இருக்கேக்கா. எடுத்தவங்க பேர்னு நெனச்சுட்டான்."

பிறகு யாரோ ஒரு கிழவர் குறுக்கே புகுந்து, "மேல்தண்ணிக்கும் அடித்தண்ணிக்கும் சம்பளம் போட்டானா, கேளு" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை.

"அது தண்ணியோட பேரு. வேற எப்படி எழுதறது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டாள். சித்தி ரேடியோவை அணைத்து நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு எந்தக் குறும்பும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் லொரெய்ன் பெக் வந்தார். பத்து மணிக்கு மேல் பாதை சேறாகிவிடும் என்பதால் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுத் திரும்புவது அவர் திட்டம். சுரங்க அலுவலகத்தில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சித்தி நின்றாள். பூட்ஸ் நனைந்திருந்தது.

"கையெழுத்த ஓடைல வந்து போடுங்கம்மா."

"நீங்க அனுப்பின சாம்பிள் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே டோரீன்."

"பாட்டில்தான் செல்லாது. ஓடை செல்லும். வண்டியில ஏறுங்க."

ஊரில் வேறு வேலையில்லாத நாங்கள் பத்துப் பேர் பின்னால் போனோம். சித்தி காலை ஐந்து மணிக்கே வந்து கடப்பாரையால் துளை போட்டிருந்தாள். ஒரு சிக்கல் இருந்தது. துளை போட்டால் மேல்தண்ணீர் அதில் இறங்கி அடித்தண்ணீரோடு கலந்துவிடும். அதற்காக அடியை வெட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் துளையில் செருகி, விளிம்பு மேல்தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் ஈரப்பனியை அடைத்து இறுகவிட்டிருந்தாள். விடிகாலைக் குளிரில்தான் மேல்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றும், பனியும் இறுகும். உள்ளே இறங்கியிருந்த மேல்தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டாள். வாளிக்குள் கறுப்பாகக் கிடந்தது அடித்தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் தன் மீட்டரையே எடுத்தார். மேலே முப்பத்தாறு. வாளிக்குள் விட்டார். தொள்ளாயிரத்து நாற்பது.

ட்ரெவர் குனிந்து வாளியைப் பார்த்தான். "இது முகாம் சமையல்கட்டு ஊறுகா வாளியாச்சே! உப்பு ஒட்டியிருக்கும்."

"நல்ல கேள்வி தம்பி" என்றாள் சித்தி. அவள் கோபப்படவில்லை, அது எனக்குத்தான் ஏமாற்றம். அதே ஊறுகாய் வந்த இன்னொரு வாளியை வண்டியிலிருந்து எடுத்து, மேல்தண்ணீரை நிரப்பி, அவன் கையில் கொடுத்தாள். "இதுலயும் வுட்டுப் பாரு. ஊறுகா உப்புன்னா இங்கயும் ஏறணும்ல?"

ட்ரெவர் தன் மீட்டரை விட்டான். எண்ணை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன் நான்.

"முப்பத்தாறு" என்றான். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "மேடம், நான் இத்தன நாளா மேல இருக்கறதத்தான் மொண்டேன்."

அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

லொரெய்ன் பெக் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மதகு மூடியே இருக்கட்டும். மீன் ஏறி முடியற வரைக்கும் தினமும் அடித்தண்ணி சாம்பிள் வேணும். ரெண்டு பேரும் சேந்து எடுங்க" என்றார். அவர் வண்டி சேற்றில் வழுக்கிக்கொண்டே போனது.

சித்தி பனியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். அரை லிட்டர் தண்ணீர் கொட்டியது. கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. நான் என் காலுறைகளைக் கழற்றிக் கொடுத்தேன். நாறும் என்றேன். "தெரியும்" என்று மாட்டிக்கொண்டாள்.

ட்ரெவர் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "நாளைக்கு எத்தன மணிக்கு?"

"அஞ்சு."

"காலையிலயா?"

கடப்பாரையை அவன் பக்கம் நீட்டினாள். "இங்க பனிக்கட்டி மூணடி தம்பி, உடைக்க நேரமாகும். உனக்கு நாலரை மணி."