குப்பைக்குள் கிடந்த குப்பை

சவூதியை விட்டு வந்த என் வீட்டுக்காரர் கையிருப்பைப் போட்டு மூன்று மாடு வாங்கினார். அன்றிலிருந்து பத்தமடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாணம் குவிந்துகொண்டே போனது. பால் காசு தவிட்டுக்கும் புண்ணாக்குக்குமே சரியாய்ப் போயிற்று. கோடையில் வைக்கோல் விலை ஏறியதும், சினையாய் நின்ற செவலைப் பசுவை விற்றுவிடலாம் என்றார். என் குரல் கேட்டால்தான் அது தீவனத்தில் வாய் வைக்கும்.

"அத விக்கதுக்குப் பதிலா என்னைய வித்துருங்க!" என்று கத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் கால்வாய்க்கரையில் நெல் போடும் அண்ணாச்சி ஒருவர் வந்து கேட்டார். "பாய், குப்பையைத் தாங்க, வைக்கோல் தாரேன். கடை உரத்துக்குக் காசைக் கொட்டியே எனக்கு ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்கு."

எங்கள் பக்கம் வயலுக்கு அடிக்கும் சாண எருவுக்குக் குப்பை என்றுதான் பேர்.

மறுநாள் வைக்கோல் ஏற்றிய டிராக்டரோடு வந்தவர், குவியலை மண்வெட்டியால் இழுத்துப் பார்த்தார். கேரிபேக், ஷாம்பு பாக்கெட், பாய் நெய்து மிஞ்சிய கோரைத் துண்டு, பிளேடு, உடைந்த வளையல் எல்லாம் வந்தது. தெருவே அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒருத்தரையும் ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல மனுஷன் என்று பேர் வாங்க வேண்டுமே!

"என்ன பாய், குப்பைக்குள்ள குப்பை கிடக்கு! கோரைத் துண்டுன்னா மக்கிரும். கண்ணாடி மக்குமா? நடுகைக்கு வார பொம்பளையளுக்குக் காலைக் கிழிச்சிரும்லா?"

வைக்கோலை இறக்காமலே போய்விட்டார். செவலை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

மாட்டுத் தரகர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளேடையும் கண்ணாடியையும் பொறுக்கக் குவியலில் இறங்கினேன். "யா அல்லா, வீட்டுக்கு வந்த பரக்கத்தை, இந்தச் செல்வத்தை நாமளே நாசமாக்கிட்டோமே!" கொஞ்ச நேரம் பார்த்து நின்ற மனுஷனும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சவூதியில கிரேன் ஓட்டுன ஆளுக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியலியே" என்று குத்தினேன். சிரித்தார். அவர் சிரித்து மாசக்கணக்காகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார். அண்ணாச்சி குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தார். "இது குப்பை! கார் நடவுக்கும் பிசான நடவுக்கும் எனக்குத்தான் தரணும். வருஷம் பூரா வைக்கோல் என் பொறுப்பு."

தரகர் வந்தபோது செவலை, அண்ணாச்சி இறக்கிய வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

"அது விக்கதுக்கு இல்ல வே" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வழக்கம்போல வாளியோடு கொல்லைக்கு வந்தாள். ஒரு சொல் சொல்லாத அந்த மனுஷன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"மைனி, அங்கன போடாதீங்க! அது குப்பை!"