நூற்று முப்பத்தொன்றாவது முள்

"டீ எடுத்துட்டு வரட்டுமா மேடம்?"

"அறுபத்தேழு."

ஆய்வுக்கூட உதவியாளர் இந்த மாதிரிப் பதிலுக்குப் பழகியவர். அறுபத்தேழு என்றால் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்று தானே ஒரு பொருள் வைத்துக்கொண்டு போய்விடுவார். பம்பரம் ஜன்னலோரம் நின்று, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு விலாங்கு மீனின் முதுகு முட்களைக் குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். பத்துக்கு ஒரு முறை படத்தில் சின்னதாக ஒரு குத்து. நின்று என்று சொன்னது பேச்சுக்குத்தான். முப்பது முள் எண்ணி முடிப்பதற்குள் ஜன்னலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுகிறாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி கடல் ஆய்வு நிலையத்தின் இரண்டு மாடிக்கும் அவள் பம்பரம்தான். வயது நாற்பத்து மூன்று. ஒல்லி. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, மூன்றாவதைத் தேடிக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவாள். ஏறும்போதும் எண்ணுவாள், இறங்கும்போதும் எண்ணுவாள். பத்தொன்பது வருஷமாக அந்தப் படிகள் இருபத்திரண்டுதான். அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

இவ்வளவு எண்ணுகிறவள் வீட்டில் குக்கர் விசிலைக் கோட்டை விட்டுவிடுவாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "மீனுக்குன்னா உள்ள முள்ளெல்லாம் எண்ணுறா, நமக்குன்னா மூணு விசில் எண்ண வரலை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவளும் மறுப்பதில்லை. "விசில் ஓடிப்போயிடுதுங்க. முள்ளு அப்படியே இருக்கும்" என்பாள்.

அவள் பார்க்கும் வேலை இதுதான். ஆழ்கடலிலிருந்து வருகிற மீன்களில் எது எந்த இனம் என்று பிரித்து, அளந்து, எண்ணி, பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டுவது. ஒரு மீனைப் புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால், அதன் அண்ணன் தம்பி எல்லாரிடமிருந்தும் அது எப்படி வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். பார்த்தாலே தெரிகிறதே என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எண் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் மற்றவர்கள் கண்டுபிடித்த பதினொரு மீன்களுக்கு அவள் முள் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். பதினொரு கட்டுரைகளின் கடைசியிலும் பொடி எழுத்தில் ஒரு நன்றி. தனக்கென்று ஒரு மீன் இல்லை. அதைப் பற்றி அவள் வாய் திறந்து குறைப்பட்டதில்லை. ஆனால் யாருடைய புது மீனாவது பத்திரிகையில் வந்த அன்று, படிகளை ஒரு தடவை கூடுதலாக எண்ணுவாள்.

அப்படி இருந்தவளுக்குத்தான் போன வருஷம் இந்தப் பாம்பு விலாங்கு வந்து சேர்ந்தது. அறுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த வலையில், யாருக்கும் வேண்டாத பொடி மீன்களோடு மீனாகக் கிடந்தது. திரும்பக் கடலில் தள்ள வேண்டிய குப்பை. தள்ளப்போன விஞ்சுக்காரர் கையை நிறுத்தினார். விஞ்சுக்காரர் என்றால் வலை போட்ட கப்பலில் வலைக் கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று பம்பரம் பின்னால் கேட்டபோது, "பின்னாடியே போச்சு டீச்சர்" என்றார். "முன்னாடி போற மீனைத்தான் நான் பார்த்திருக்கேன். இது வாலை வச்சுக் கப்பல் தட்டைத் தோண்டப் பார்க்குது. அதான், பாவமேன்னு தனியா ஐஸ்ல போட்டேன்." புத்தகமும் கையுமாக இருக்கிற யாரும் அவருக்கு டீச்சர்தான்.

முழங்கையளவு நீளம், சுண்டுவிரல் பருமன், வெளிறிய பழுப்பு. பாம்பு விலாங்குகள் வாலால் சேற்றைத் துளைத்துப் பின்பக்கமாகவே உள்ளே போகிறவை. அதனால் வால் நுனி முள் மாதிரிக் கூராக இருக்கும். இதற்கு மட்டும் வால் சற்று மொண்ணை. தாடையில் ஒரு துளை அதிகம். முதுகு முள் நூற்று முப்பத்தொன்று. கிட்டத்துச் சொந்தமான இனத்துக்கோ நூற்று நாற்பத்தாறுக்குக் குறைந்ததே இல்லை. பதினைந்து முள் வித்தியாசம். பம்பரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எட்டு மாதம் எழுதினாள். விஞ்சுக்காரர் பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி லத்தீன் ஆக்கி, மீனுக்கு வைத்தாள். அச்சில் வரும் வரை இந்தப் பெயர்களை வெளியே விடக் கூடாது. அது இந்தத் தொழிலின் வழக்கம். அவரிடம் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "யாருக்கும் சொல்லாதீங்க அண்ணே" என்றாள். பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மெய்ப்பும் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பச் சொன்னார்கள். கூடவே ஒரு வரி: எக்ஸ்ரே படம் தெளிவாக இல்லை, வேறொன்று அனுப்ப முடியுமா?

நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது. முதல் படத்தையும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில்தான் எடுத்தாள். அன்றைக்கு டாக்டர் இல்லை, கம்பவுண்டர்தான் எடுத்துக் கொடுத்தார். இந்தப் புதன்கிழமை மீண்டும் பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாகப் போய், காதில் கட்டுப் போட்ட நாய்க்கும் கூண்டுக்குள் முறைத்த பூனைக்கும் நடுவில் வரிசையில் நின்றாள். கம்பவுண்டர் பதிவேட்டைத் திறந்தார்.

"பேஷன்ட் பேரு?"

"போன தடவை கேட்டப்பவே சொன்னேனே. பேரு இன்னும் அச்சுல வரலை."

"வயசு?"

"தெரியாது."

"உடம்புக்கு என்ன?"

"செத்துப்போச்சு."

கம்பவுண்டர் அதையும் எழுதிக்கொண்டார். நாயின் சொந்தக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இந்த முறை டாக்டர் இருந்தார். படம் கம்ப்யூட்டர் திரையில் வந்ததும், அவசரம் இல்லாத அந்த மனிதர் தலையிலிருந்து வால் வரை ஒரு முறை பார்த்தார். வாலில் கண் நின்றது.

"இது பழைய காயம்மா."

"எது டாக்டர்?"

"வால்தான். கடிச்சோ அறுத்தோ போயிருக்கு, அப்புறம் ஆறியிருக்கு. கடைசி எலும்பைப் பாருங்க, உருண்டையா முடியுது. வால் வெட்டின நாயை நான் தெனம் பார்க்குறேன், இப்படித்தான் இருக்கும். மீனுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவள் குண்டூசியைத் திரையில் வைத்து எண்ணத் தொடங்கினாள். நூற்று இருபத்தொன்பது வரை மணி கோத்தது போல ஒழுங்கு. நூற்று முப்பது கொஞ்சம் நசுங்கல். நூற்று முப்பத்தொன்று ஒரு முள்ளே இல்லை. இரண்டு மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டு உருண்டிருந்தன. வெளியே தோல் அழகாக மூடிவிட்டதால் எட்டு மாதமும் அவள் கண்ணுக்குத் தப்பியது. வால் மொண்ணை என்று கட்டுரையில் இனத்தின் தனி அடையாளமாகவே எழுதியிருந்தாள். காயத்தைப் போய் அடையாளம் என்று எழுதியிருந்தாள்.

வாலில் பதினைந்து முள் போயிருந்தால், இது நூற்று நாற்பத்தாறு முள் கொண்ட அந்தப் பழைய இனமேதான். மூன்றே முள் போயிருந்தால் புதியது. போனது எத்தனை என்பதைக் கடித்தவனைத்தான் கேட்க வேண்டும். மிச்சம் இருப்பது தாடையில் ஒரு துளை. ஒரே ஒரு மீனின் ஒரே ஒரு துளையில் ஓர் இனத்தைத் தொங்கவிட முடியாது.

நிலையத்துக்குத் திரும்பித் துறைத் தலைவரிடம் சொன்னாள். நல்லவர். அவளுக்குக் கெடுதல் நினைக்காதவர். அதுதான் சிக்கல்.

"விடும்மா. மெய்ப்பு வந்தாச்சு. யாரு போய் வாலைத் திருப்பிப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே சார்."

"தாடையில துளை இருக்குல்ல? உனக்கே தோணுது புதுசுன்னு. தப்பா இருந்தா பின்னாடி வர்றவன் திருத்திக்குவான். சயின்ஸே அப்படித்தானே நடக்குது. பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒண்ணு வந்திருக்கு, அதையும் நீயே தட்டிவிடாதே."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். வியாழன் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. மற்ற பாட்டில்களை எடுத்துத் துடைத்தாள், சீட்டுகளை மாற்றி ஒட்டினாள், மாற்றியதை மறுபடி மாற்றினாள். தாடைத் துளையை இடப்பக்கம் எண்ணினாள், வலப்பக்கம் எண்ணினாள். இரண்டு பக்கமும் ஒன்று கூடுதல்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும், மெய்ப்பை எடுப்பாள். நூற்று முப்பத்தொன்று என்ற இடம் வந்ததும் கீழே வைப்பாள். மாலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த கணவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஒரு பக்கமா நில்லு, தண்ணி தெறிக்குது. இப்ப என்ன, போட்டா தப்பா, போடாட்டா தப்பா?"

"போட்டா பொய்யாயிடலாம். போடாட்டா அது பேரில்லாமலே போயிடும்."

"உனக்கு எது பொறுக்காது?"

அவள் யோசித்தாள். "ரெண்டும்தான்" என்றாள். அது உண்மை. ஆனால் சொன்ன பிறகு, எது கொஞ்சம் அதிகமாகப் பொறுக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பத்திரிகைக்கு எழுதினாள். மூன்று வரி. மாதிரியின் வால் முழுமையானதல்ல. முள் எண்ணிக்கையை நம்ப முடியாது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பிவிட்டு, அனுப்பியது போனதா என்று நாலு தடவை பார்த்தாள். போயிருந்தது. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு துறைமுகத்துக்குப் பஸ் பிடித்தாள். மற்றவர்களுக்குப் போனில் சொல்லலாம், அந்த ஒரு மனிதருக்கு நேரில்தான் சொல்ல வேண்டும்.

கப்பல் கட்டியிருந்தது. விஞ்சுக்காரர் கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, தன் ஐஸ் பெட்டி இருந்த பக்கம் கூட்டிப்போனார். பெட்டி மூடியில் சிவப்பு பெயின்ட்டில், கப்பலுக்குப் பெயர் எழுதுகிற ஆளை வைத்து, பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள் எழுதியிருந்தார். மீனின் லத்தீன் பெயர். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"அண்ணே, யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே."

"யாருக்கும் சொல்லலை டீச்சர். எழுதி மட்டும்தான் வச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வால், காயம், டாக்டர், நாய், மூன்று வரிக் கடிதம். அவள் முடித்ததும் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப வால் போன பிறகும், அதைக் கொண்டுதான் தோண்டப் பார்த்துச்சா?"

"ஆமாண்ணே."

"பழைய மீனுதானா?"

"தெரியலை. என் மனசுக்குப் புதுசுதான். மனசை எண்ணிக் காட்ட முடியாதே."

"வாலோட ஒண்ணு வந்தா?"

"எண்ணிப் பார்த்துச் சொல்வேன்."

"வரலைன்னா?"

அவள் மூடியில் இருந்த பெயரைப் பார்த்தாள். அவர் உள்ளே போய், பெயின்ட்டை அழிக்கிற ஒரு தின்னர் டின்னும் ஒரு பழைய துணியும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே அழிச்சிடுங்க டீச்சர். என் கையால வேணாம்."

அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். டின்னைத் திறக்காமல் காலடியில் வைத்தாள். குனிந்து, மூடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பையும் ஒட்டியிருந்த செதில்களையும் உலர்ந்த துணியால் துடைத்தாள். முதல் சொல்லைத் துடைத்தாள். இரண்டாவது சொல்லை ஒவ்வொரு எழுத்தாக, பெயின்ட் உரிந்துவிடாமல் துடைத்தாள். பிறகு துணியை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.